பால்வாடி நாட்கள் – 7: ஒரு தட்டு மிச்சம்

காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த வாசலில் பதினோரு ஜோடி செருப்பு. சுவரோரமாகத் தரையில் சுண்ணாம்பால் ஜோடி ஜோடியாகப் பாதம் வரைந்து வைத்திருக்கிறார் டீச்சர். அதன்மேல்தான் செருப்பை விட வேண்டும். இடம் வலம் மாற்றி விட்டுவிட்டு உள்ளே ஓடிய ஒரு பையனை அவர் கூப்பிட்டுத் திருத்தவில்லை. "ரெண்டு செருப்பும் சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்குதே சாமி" என்றார், யாரையும் பார்க்காமல் பொதுவாக. நாலைந்து பேர் ஓடிவந்து குனிந்து, அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அவன் கடைசியாக வந்தான். வந்து மாற்றி வைத்தான்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடி இது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பால்வாடிதான். பெயரில் பால் இருப்பதால் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு இங்கே பால் ஊற்றியிருப்பார்கள் என்று ஒரு பாட்டி என்னிடம் அடித்துச் சொன்னார். இந்தப் பால் குடிக்கிற பால் அல்ல, பாலகர் என்பதில் வருகிற பால். வாடி என்றால் மராத்தியில் தோட்டம். 1940-களில் மகாராஷ்டிரக் கடலோரத்துப் போர்டி என்ற ஊரில் தாராபாய் மோடக் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிகளின் வழியாக வந்த சொல் அது. அங்கன் என்றால் முற்றம். ஜெர்மனியில் ஃப்ரோபல் 1840-இல் வைத்த கிண்டர்கார்டன் என்ற பெயருக்கும் குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். நாம் அதை எல்.கே.ஜி. என்று சுருக்கியதில் தோட்டம் போய்விட்டது, நோட்டு மட்டும் மிஞ்சியது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பிள்ளைகள் இந்த மையங்கள். தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேல் இருக்கின்றன. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு, செல்போனில் பதிவு என்று டீச்சர் தலைமேல் இருக்கும் மற்ற வேலைகளைப் போன வாரம் சொன்னேன். இந்த வாரம் பாய் விரித்த அந்த ஒற்றை அறை மட்டும்.

செருப்புக்குப் பிறகு கை கழுவுதல், பாட்டு, கதை, மணலிலும் களிமண்ணிலும் விளையாட்டு, சாப்பாடு, தூக்கம். தினமும் இதே வரிசை. எனக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சலிக்கவில்லை. மணி பார்க்கத் தெரியாத வயதில், அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குக் கடிகாரம். ஒருநாள் டீச்சர் கதையை விட்டுவிட்டு நேராக மணலுக்குப் போனபோது இரண்டு பேர் அழுதே விட்டார்கள்.

அன்றைக்குத்தான் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சருங்க, பக்கத்து வீட்டுப் புள்ள எல்.கே.ஜி.யில ஏ பி சி டி எழுதுதுங்க. இவன் இங்க வந்து நாலு மாசமாச்சு. என்னங்க எழுதறான்?"

"கீரை உருவறான் அம்மிணி."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சர் சொன்னது விளையாட்டும் இல்லை. சமையலுக்கு வரும் முருங்கைக் கீரையில் ஒரு பங்கை ஆயா பிள்ளைகள் நடுவில் பரப்பிவிடுவார். சீசன் வந்தால் மொச்சை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு காம்பைப் பிடித்து இழுப்பதும் பென்சில் பிடிப்பதும் விரலுக்கு ஒரே வேலை. மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் எலும்பாகவில்லை, குருத்தாகத்தான் இருக்கின்றன. அந்தக் கையில் நான்கு கோட்டு நோட்டைத் திணித்து, 'அ' போடு என்கிறோம். 'அ'வை நீங்களே ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள்: ஒரு சுழி, ஒரு வளைவு, குறுக்கே ஒரு கோடு, அப்புறம் கீழே இறங்கும் ஒரு நேர்கோடு. நம் எழுத்துகளில் பிள்ளைக்கு எளியது 'ட'. அதையடுத்து 'ப'. இரண்டும் நேர்கோடு. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுத வைப்பது சடங்கு, அதில் எனக்குப் பிணக்கில்லை. மறுநாளே பென்சிலைக் கொடுப்பதில்தான்.

அந்த அம்மாவின் பையனுக்கு இருபதுவரை எண்ணத் தெரியும். ஒரே மூச்சில், பாட்டு மாதிரி. அதைக் கேட்டு அசந்துபோன என்னிடம் டீச்சர், "பொறுங்க" என்றார். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம், "எல்லாருக்கும் தட்டு வை சாமி" என்றார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அன்றே பால்வாடிப் பிள்ளைகளும் சேர்த்தி. அந்தத் தட்டைக் கணக்குப் பாடமாக்கியது இந்த டீச்சரின் கைவேலை. இருபதுவரை பாடிய பையன் எண்ணவே இல்லை. ஒரு தட்டை எடுத்துவந்து ஒரு பிள்ளை முன் வைப்பான். திரும்ப அலமாரிக்கு ஓடுவான். பதினோரு பேருக்குப் பதினோரு ஓட்டம். மற்றவர்கள் பசியில் முனகினார்கள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. 'ஒண்ணு, ரெண்டு' என்பது அவன் வாயில் இருந்ததே தவிர, ஒரு ஆளுக்கு ஒரு தட்டு என்பதோடு இன்னும் ஒட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து இரண்டிரண்டாகக் கொண்டுவந்தான். இன்னும் ஒரு வாரம் போயிருக்கும். முட்டை நாள். பதினோரு தட்டையும் அடுக்காக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்தான். வரிசையாக வைத்துக்கொண்டே போனான். கடைசிப் பிள்ளைக்கும் வைத்தான். கையில் ஒரு தட்டு மிஞ்சியது. அதையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"டீச்சர், ஒரு பாப்பா வரல."

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். பத்துப் பேர்தான். வராத பாப்பாவுக்குக் காய்ச்சல்.

சாயங்காலம் அந்த அம்மா பையனைக் கூட்டிப்போக வந்தார். வழக்கம்போல அவன் பையைத் திறந்து நோட்டைப் புரட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

(தொடரும்)