முன்வெளியீட்டு நூலகங்களைப் பொதியாக வெளியிடல்

மாணவர்களே, பேசாலையில் மீனை நிறுத்து விலை கணிக்கும் செய்நிரற் பகுதியொன்றை நீங்கள் எழுதியுள்ளீர்கள் எனக் கொள்வோம். ஏனையோரும் தமது செய்நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தக்கூடியவாறு அதனை அமைத்தால், அது மென்பொருள் நூலகம் எனப்படும். இத்தகைய நூலகங்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றவும் அங்கிருந்து இறக்கவும் உதவுவது பொதி முகாமையாளர் ஆகும்.

இலங்கையில் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பலெரினா மொழியை உதாரணமாகக் கொள்க. அதன் களஞ்சியம் ‘பலெரினா சென்ட்ரல்’. புதிய பொதியின் பதிப்பிலக்கம் 0.1.0 எனத் தொடங்கும். முதலிலுள்ள பூச்சியம், நூலகம் இன்னும் மாறக்கூடும் என்பதைக் குறிக்கும். 1.0.0-பீற்றா என்பது 1.0.0 இற்கு முற்பட்ட பரீட்சார்த்தப் பதிப்பு. நீளமாக இருப்பதால் பிந்தியது என மயங்க வேண்டாம்.

இக்குறியின்றி வெளியிட்ட நூலகத்தில் பிழை இருந்தால், அதனை நம்பி இறக்கியவரின் பற்றுச்சீட்டிலும் அப்பிழை வரும். மீனவருக்குக் காசு குறையும். களஞ்சியத்தில் ஏறிய பதிப்பை அழிக்கவோ அதன்மேல் எழுதவோ முடியாது. திருத்தியதைப் புதிய இலக்கத்துடனேயே ஏற்ற வேண்டும். எனவே முதலில் உங்கள் கணினியிலுள்ள உள்ளகக் களஞ்சியத்தில் இட்டு, வேறொரு செய்நிரலிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

மொழியை ஆக்கியோரும் அவசரப்படவில்லை. அதன் ‘ஸ்வான் லேக்’ பதிப்பு 2021இல் அல்பா, பீற்றா எனப் பலமுறை வெளிவந்து, 2022 பெப்ரவரியிலேயே நிலையான பதிப்பாயிற்று.

பயிற்சி: 1.0.0, 1.0.0-பீற்றா, 0.9.0, 1.0.0-அல்பா ஆகியவற்றை ஏறுவரிசைப்படுத்துக.
விடை: 0.9.0, 1.0.0-அல்பா, 1.0.0-பீற்றா, 1.0.0.