மும்பைத் தமிழர் இல்லம் – 11: பிள்ளைக்கு முதல் துணி

பிறக்கப்போகும் குழந்தைக்கெனப் புதுத்துணி எதையும் பிரசவத்துக்கு முன் வாங்கி வைக்கலாகாது என்ற கட்டுப்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவியில் வந்து குடியேறிய குடும்பங்களோடு மும்பைக்கு வந்து, இன்றும் பல வீடுகளில் நிலைத்திருக்கிறது. கண்ணேறு படும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பிறந்த சில நாள்களிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறைகளின் அச்சம் அதன் அடியில் இருக்கிறது. ஆயினும் அக்கட்டுப்பாடு எதையும் ஆயத்தம் செய்யாதே என்று சொல்லவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு பாட்டனின் நைந்த வேட்டியும் தாயின் பழைய நூல் சேலையும் வெளியே எடுக்கப்பட்டு, குழந்தையின் தோலில் உராயும் கரைப்பகுதி கிழித்து நீக்கப்பட்டு, எஞ்சிய துணி சதுரம் சதுரமாக மடித்து வைக்கப்படுகிறது. பல நூறு முறை துவைக்கப்பட்டதால் கஞ்சியும் மிகைச் சாயமும் போய், ஈரத்தை உடனே உறிஞ்சும் பதத்துக்கு வந்துவிட்ட இந்தப் பருத்தித் துணிக்கு நிகரான புதுத்துணி கடையில் கிடைப்பது அரிது. அண்டை வீட்டு மராத்தியப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘கோதடி’ என்னும் விரிப்பும், குழந்தையைச் சுற்றும் ‘துப்பட்டே’ என்னும் துணியும் இதே அறிவின் விளைவுகளே.

பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய துணியில் ஒரு மறைவான ஆபத்து உண்டு. மழைக்காலத்துப் பூச்சிக்கு அஞ்சிப் பெட்டிகளில் போடப்படும் அந்துருண்டையில் நாப்தலின் என்னும் பொருள் கலந்திருக்குமானால், அதன் ஆவி துணியில் தங்கி, ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு பார்வைக்குப் புலப்படாது என்பதால், பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்த துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே பாதுகாப்பானது.

துணி எத்தனை வேண்டும் என்பதை மும்பையில் பருவம்தான் தீர்மானிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெயில் எட்டாத தாராவிச் சந்து வீட்டின் கொடியில் காலையில் உலர்த்திய துணி மாலையிலும் ஈரம் காயாமல் கிடக்கும்; ஆகவே கோடையில் பிறக்கும் பிள்ளைக்குப் போதுமான துணி ஆடியில் பிறக்கும் பிள்ளைக்குப் போதாது; இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஈரத்தைப் போக்குவதும் தவிர்க்க முடியாத வேலையாகிறது. செம்பூரின் அடுக்கக வீடுகளில் இந்த நெருக்கடி குறைவு. அங்கே துணியின் இடத்தை டயப்பர் பிடித்துக்கொண்டது. ஆனால் துணிக் கோவணத்துக்கு, அதாவது மும்பைக் கடைகளில் ‘லங்கோட்’ எனக் கேட்டு வாங்கப்படுவதற்கு, டயப்பருக்கு இல்லாத ஒரு பயன் உண்டு: ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை ஒரு நாளில் ஆறு துணிகளையேனும் நனைத்தால், தாய்ப்பால் போதுமான அளவில் கிடைக்கிறது என்று தாயே அறிந்துகொள்ளலாம்.

இத்தகைய ஆயத்தத்தை வீட்டாரிடமே விட்டுவிடாமல், அரசே குழந்தைப் பொருள்களை ஒரு பெட்டியில் வைத்துத் தரும் ஏற்பாடு பின்லாந்தில் 1938இல் ஏழைத் தாய்மாருக்கெனத் தொடங்கி, 1949இல் அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கருவுற்ற பெண் நான்காம் மாத முடிவுக்குள் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் அப்பெட்டியில் உள்ள எந்தப் பொருளையும்விட விலைமதிப்புள்ளது. தமிழ்நாட்டில் 2015இல், அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் அறிமுகமாயிற்று.

பால் புட்டியும் மாவுப்பாலும் வாங்கி வைப்பதை ஆயத்தம் என்று கருதுவது முழுத் தவறு. 1992இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய மாவுப்பாலையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்குவதையும் தடை செய்கிறது. தாராவியை அடுத்து, சயான் மருத்துவமனை என மக்கள் வழங்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி நிறுவப்பட்டது. பிற தாய்மார் கொடையாக அளிக்கும் பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கிச் சேமித்து, தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பதே இத்தகைய வங்கியின் பணியாகும். தாராவியின் பிள்ளைகள் பலர் பிறக்கும் இடத்திலேயே இப்படி ஓர் ஏற்பாடு அமைந்தது இந்நகரத் தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது.

மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவில் வெற்றிலை, வாழையிலை, பூ ஆகியவற்றோடு நாட்டு மருந்துச் சாமான்களும் கிடைக்கின்றன. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் இழைத்துக் குழந்தையின் நாவில் தடவும் ‘உரைமருந்து’க்கான பொருள்கள் பேறுகாலப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது வழக்கம். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே போற்றப்பட்ட வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்னும் வேதிப்பொருள் விலங்குகளிடம் புற்றுநோயைத் தோற்றுவித்ததால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட இன்றித் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தும் நிலையில், உரைமருந்தைக் கைவிடுவதில் தயக்கம் கூடாது. அதே கடைக்குக் கொண்டுசெல்லும் பணத்தைத் தாயின் உணவுக்குரிய நல்லெண்ணெய், பூண்டு, பனங்கருப்பட்டி ஆகியவற்றுக்குச் செலவிடுவது நன்று. தமிழ்நாட்டின் பெட்டகத்திலும் குழந்தையின் துணிகளுக்கும் கொசுவலைக்கும் நடுவே தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது.