மீன் தொட்டியில் மணி பிளான்ட்: இனி தண்ணீரே மாற்ற வேண்டாமா?

மீன் தொட்டியின் ஓரத்தில் ஒரு மணி பிளான்ட் கொடி. வேர் தண்ணீருக்குள், இலை வெளியே. ‘இதை வெச்சுட்டா தண்ணியே மாத்த வேண்டாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. இதில் பாதிதான் உண்மை. மீதியையும் நம்பினால் மீன் செத்துப்போகலாம்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சமான தீனி அழுகினாலும் அமோனியாதான். இது மீனுக்கு விஷம். ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் ஆபத்தானது. நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் செடிக்கு உரம்.

ஏன் மணி பிளான்ட்?

முழுக்க நீருக்குள் வளரும் செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு எளிதில் கிடைக்காது. இலை வெளியே இருந்தால் காற்றிலிருந்தே கிடைத்துவிடும். அதனால் கொடி வேகமாக வளர்கிறது, நைட்ரேட்டையும் நன்றாக உறிஞ்சுகிறது.

சிக்கல் எங்கே?

புதுத் தொட்டியில் பாக்டீரியா போதுமான அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஏறும் அமோனியாவை இரண்டு கொடிகள் சமாளிக்காது. தண்ணீர் ஆவியானாலும் உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். மேலே ஊற்றி நிரப்புவது, தண்ணீர் மாற்றுவது ஆகாது. ஃபில்டரும் கட்டாயம் வேண்டும்.

எப்படி வைப்பது?

* கணுவுக்குக் கீழே வெட்டி, முதலில் தனி பாட்டிலில் வேர் விட வையுங்கள்.
* மண்ணில் வளர்ந்த செடி என்றால், மண் துளியும் இல்லாமல் வேரைக் கழுவுங்கள். பூச்சி மருந்து அடித்த செடி வேண்டாம்.
* வேர் மட்டும் மூழ்கட்டும். இலை மூழ்கினால் அழுகி, மறுபடியும் அமோனியாதான்.
* ஃபில்டருக்குள் வேர் போகாமல் பாருங்கள். கோல்டுஃபிஷ் வேரைக் கடிக்கும்.
* இலை வெளுத்தால், சாதாரண செடி உரத்தைத் தொட்டியில் போடாதீர்கள், மீனுக்கு ஆபத்து.
* இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் உண்டு. கடித்தால் வாய் எரியும். குழந்தைகள், பூனை, நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

எப்போது தண்ணீர் மாற்றுவது?

டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது; 20-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. செடி நன்றாக வளர்ந்து, நைட்ரேட் தொடர்ந்து குறைவாகவே இருந்தால், மாற்றும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாம். அடியோடு நிறுத்த முடியாது.