முதலாண்டா, இரண்டாமாண்டா?

பாலிடெக்னிக் பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மூன்று வருஷம் டிப்ளமோ படித்துத் தேறிய பிள்ளையை நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ப்பதா, அன்றி அடித்தளம் பலப்படட்டும் என்று முதலாண்டிலிருந்தே படிக்கச் செய்வதா என்பதே அது. சொந்த ஊராயின் விவரம் அறிந்த உறவினர் நாலு பேரைக் கேட்கலாம். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அக்கம்பக்கத்தார் பேச்சும், தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்களின் பேச்சுமே காதில் விழுகின்றன. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி, மூன்றாண்டு டிப்ளமோவில் குறைந்தது 45 சதவிகித மதிப்பெண் பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம் போதும். டிப்ளமோப் பரீட்சையே முதலாண்டுப் படிப்புக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது என்பது இதன் பொருள். சேரும் வழி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் டிப்ளமோ மதிப்பெண்ணே கணக்கு. மேற்கு வங்கத்தில் ஜெலெட், கர்நாடகத்தில் டி.சி.இ.டி., ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஈ.செட் என நுழைவுத் தேர்வுகள் உள்ளன. இருப்பிடச் சான்று பற்றிய விதிகளும் ஒன்றுபோல் இல்லை. மாற்றலாகி வந்த குடும்பங்கள் இவற்றைக் கடைசிப் பருவம் தொடங்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

முதலாண்டில் சேர விரும்பும் டிப்ளமோ மாணவனுக்கு வழி சற்றுக் குறுகல். இரண்டாம் ஆண்டு இடங்கள் நிரம்பிவிட்டு, முதலாண்டில் காலியிடமும் இருந்தால்தான் பொது விதிப்படி சேரலாம். மற்றொரு வழி ஜே.இ.இ. தேர்வு. மூன்றாண்டு டிப்ளமோவை அத்தேர்வுக்குரிய தகுதியாக ஏற்கின்றனர். ஐ.ஐ.டி.யில் பி.டெக். படிக்க வேண்டுமென்ற வைராக்கியம் கொண்ட பிள்ளைக்கு இதுவே பாதை. அங்கே இடைச் சேர்க்கை இல்லை. ஆனால் அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனத்தையும் பௌதிகத்தையும் முதலிலிருந்து கற்றாக வேண்டும் என்பதை மறக்கலாகாது.

இனிப் பணத்தின் பக்கம். ஒரு வருஷம் மிச்சமாகிறது என்றால் அவ்வருஷத்துக் கட்டணமும் விடுதிச் செலவும் மட்டும் மிச்சமல்ல. பிள்ளை ஒரு வருஷம் முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்குகிறான். தகப்பனாருக்கு இப்போது 57 வயது, 60-ல் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் அவர் சம்பளத்திலேயே படிப்பு முடிந்துவிடும். முதலாண்டில் சேர்ந்தால் கடைசி வருஷக் கட்டணத்தைப் பென்ஷனிலிருந்தோ, தங்கையின் பெயரில் போட்டுவைத்த சேமிப்பிலிருந்தோ எடுக்க நேரும். ஒற்றைச் சம்பளக் குடும்பங்களில் இது சிறிய விஷயமன்று.

அப்படியாயின் இரண்டாம் ஆண்டே சரி என்று உடனே முடிவு கட்டிவிடலாமா? கணிதம் குறுக்கே நிற்கிறது. டிப்ளமோவிலும் அணிகள் உண்டு, வகையிடலும் தொகையிடலும் உண்டு. எனினும் அங்கே சூத்திரத்தை அறிந்து எண்ணைப் பொருத்தினால் பெரும்பாலும் போதும். பி.இ. முதலாண்டில் பகுதி வகையிடல், பலமடித் தொகையீடு முதலியவற்றைப் பழக்கிவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு மூன்றாம் பருவத்திலேயே ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வந்துவிடுகின்றன. டிப்ளமோ முடித்து வருபவன் கால் வைப்பது நேரே அந்தப் பருவத்தில். சேர்க்கை முடிவதற்குள் வகுப்புகள் தொடங்கி, சில பாடங்கள் நடந்தேறிவிடுவதும் உண்டு. கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தன் 2018-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், டிப்ளமோ வழி வருவோருக்கென்றே இரண்டு கூடுதல் கணிதப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. இக்குறையைப் பல்கலைக்கழகங்களே அறிந்திருக்கின்றன என்பதற்கு இது சான்று.

மறுபுறம், பட்டறைப் பயிற்சியிலும் எஞ்சினீயரிங் வரைபடத்திலும் டிப்ளமோ மாணவன் மற்றவர்களுக்கு முன்னே நிற்பான். லேத்தில் நின்று பழகியவனை மீண்டும் ஒரு வருஷம் அரத்தால் இரும்புத் துண்டைத் தேய்க்கச் சொல்வதில் என்ன லாபம்?

ஆகவே, கணிதம் ஒன்றை முன்னிட்டு ஒரு முழு வருஷத்தை விட்டுக்கொடுப்பது நம் போன்ற குடும்பங்களுக்குத் தகாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் சேருவதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்க்க வேண்டும். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுக் கணித வினாத்தாள்கள் இரண்டை எடுத்து, பிள்ளையைத் துணையின்றிப் போடச் சொல்லுங்கள். பாதியளவு போட்டால் கவலையில்லை. மீதியைப் பரீட்சைக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட மாதங்களில் கற்றுவிடலாம். ஒன்றுமே ஓடவில்லையாயின், அவ்வருஷமே சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பருவத்துக்குப் பருவம் கணிதத்தில் நிலுவை வைத்துக்கொண்டு போனால், மிச்சம் பிடித்த வருஷம் கடைசியில் கைக்கு வராமல் போய்விடும்.

அத்தகைய பிள்ளைக்கு வேலை ஒரு நல்ல இடைவழி. ரயில்வேயில் ஜூனியர் எஞ்சினீயர் பதவிக்கு மூன்றாண்டு டிப்ளமோவே போதும்; ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். தனியார் தொழிற்சாலைகளிலும் இடம் கிடைக்கும். வேலை பார்த்துக்கொண்டே பி.இ. படிக்கத் தக்க வகுப்புகளைத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 முதல் அனுமதித்திருக்கிறது.

கணிதத்தைச் சரிசெய்ய டியூஷனுக்கென்று பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் கணித வகுப்புகளை என்.பி.டெல். தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தொழில்நுட்பக் கல்விக் குழு முதலாண்டுப் பாடப்புத்தகங்களைத் தமிழிலும் வெளியிட்டு, இ-கும்ப் தளத்தில் வைத்திருக்கிறது. எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவற்றால் இரட்டைப் பயிற்சி என்று தாய்மார்கள் மகிழக்கூடும். பிள்ளைகள் இங்கிலீஷ் புத்தகத்தையே கேட்பார்கள். எதுவாயினும் சரி, மே மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.