கடைமடைக்கு எட்டாத வீட்டு இணையம்

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். நமது அங்கத்தினர்கள் பலருடைய இல்லங்களில் இன்று இணையத்தின் நிலைமை இதுவே. மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம். கூடத்தில் ரௌட்டர் பெட்டியின் விளக்கு எரிகிறது. திண்ணையில் அமர்ந்தால் தடையின்றி வேலை நடக்கிறது. ஆனால் நாம் பொழுதெல்லாம் உழைக்கும் இடம் திண்ணையன்று. நெசவாளருக்குப் புழைக்கடைத் தறிக்கொட்டகை. பயிரிடுவோருக்குக் கிணற்றடியும் களமும். அங்கே சென்றதும் தொடர்பு அறுந்து போகிறது.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. அண்மையில் நாம் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சேலையின் கரை நிறத்தை மாற்றும்படி கொள்முதல் செய்பவர் ஒரு நாள் காலையில் அவருடைய கைபேசிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவ்வூரில் கைபேசிக் கோபுரத்தின் அலையும் வலுவற்றது. தகரம் வேய்ந்த கொட்டகைக்குள் அச்செய்தி சேரவில்லை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அதற்குள் பழைய நிறத்திலேயே ஒரு சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டது. மனம் நொந்த அவர், கடைக்காரர் சொற்படி ‘ரிப்பீட்டர்’ என்னும் பெட்டியொன்றை வாங்கிக் கொட்டகைக்குள் மாட்டினார். பணம் போயிற்றே தவிரப் பலன் இல்லை. அவருக்கு நேர்ந்தது பிறருக்கும் நேராதிருக்கும் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

அலை தேய்வது ஏன்?

1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலையைக் கொண்டு தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும், வெடிமருந்தைப் பற்ற வைத்தும் காட்டினார். நம் வீட்டு ரௌட்டர் அனுப்புவதும் அவ்வினத்தைச் சேர்ந்த அலையே. வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் அதன் வலிமை நாலில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கே மிஞ்சும். இடையே செங்கற்சுவர் நின்றால் மேலும் குறையும். தகரமோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். வாழையும் தென்னையும் நீர் நிறைந்த இலையுடையவை. அவையும் அலையை உறிஞ்சும். மழை பெய்து ஓய்ந்த பின் தோப்புக்கு அப்பால் தொடர்பு நலிவது இதனால்தான்.

ரௌட்டர்களில் இருவகை அலைகள் வழக்கிலுள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 செ.மீ. நீளமுடையது; சுவரைக் கடப்பதிலும் தூரம் செல்வதிலும் மேலானது; வேகத்தில் சற்றுக் குறைந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 செ.மீ. நீளமுடையது, வேகம் மிகுந்தது, ஆனால் தடைகளுக்கு எளிதில் தளர்வது. வெளியிடங்களில் செய்தி பார்க்கவும் பேசவும் முன்னதே போதுமானது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இணையம் ஒருவழிப் பேச்சன்று. திருவிழாவில் ஒலிபெருக்கி முழங்கினால் வயலில் நிற்பவருக்குக் கேட்கும். அவர் வயலிலிருந்து கூறும் மறுமொழி கோயிலில் கேட்குமா? ரௌட்டரின் ஆற்றலை மட்டும் கூட்டினாலும் கைபேசியின் குரல் சிறிதாகவே இருக்கும். கைபேசியில் அலைக் குறிகள் நிறைந்து தெரிந்தும் வேலை நடவாத காரணம் இதுவே. மேலும், 2005-ஆம் ஆண்டின் இந்திய அரசு விதிப்படி உரிமமின்றி உபயோகிக்கத்தக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் சாதனத்தின் அனுப்பு ஆற்றல் 1 வாட்டுக்கு மேற்படலாகாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை வெளியிடங்களில் உரிமமின்றிக் கையாள வழி ஏற்பட்டது 2018-ஆம் ஆண்டில்தான். ஆகவே வலிமையைப் பெருக்குவது வழியன்று. தூரத்தைக் குறைப்பதே வழி.

செலவில்லாத முதற்படி

பெட்டி வாங்குமுன், உள்ள ரௌட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். இரும்பு அலமாரிக்குப் பின்னாலும் தரையோரத்திலும் அதனை வைத்திருப்போர் பலர். கொட்டகையை நோக்கிய ஜன்னலருகே, ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். பின்னர் கைபேசியைக் கையிலேந்தி மெல்ல நடந்து, தொடர்பு எங்கே அறுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். புழைக்கடை மட்டும் வேண்டுவோருக்கு இதுவே போதியதாகலாம்.

ரிப்பீட்டர் என்பது கேட்டதைத் திரும்பச் சொல்லும் பெட்டி. தனக்கே சரியாகக் கேளாத இடத்தில் அதனை மாட்டினால் எதனைத் திரும்பச் சொல்லும்? நம் அங்கத்தினர் செய்த பிழை இதுதான். நல்ல அலை கிடைக்கும் இடைவழியில் அதனை வைத்தல் வேண்டும். அப்போதும், ஒரே அலையில் கேட்டுச் சொல்லும் எளிய வகைகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கேபிளே நல்ல வாய்க்கால்

மண் வாய்க்காலில் விட்ட நீர் வழியிலேயே சுவறிவிடும். குழாயில் விட்ட நீர் கடைமடை வரை குறையாது சேரும். இணையமும் அவ்வாறே. வீட்டிலிருந்து கொட்டகை வரை கேபிளில் கொண்டுசென்று, அங்கே ‘அக்சஸ் பாயிண்ட்’ என்னும் சாதனத்தை நிறுவினால், கடைசிச் சில அடிகள் மட்டுமே அது காற்றில் செல்லவேண்டியிருக்கும்.

செம்புக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை செல்லலாம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுச் சரக்கைத் தவிர்த்து, முழுச் செம்பையே கேட்டு வாங்குக. வெயிலைத் தாங்கும் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிளே ஏற்றது. எலியும் அணிலும் கடிக்காதபடி அதனை பி.வி.சி. குழாய்க்குள் செலுத்துங்கள். சுவருக்குள் நுழையுமிடத்தில் சற்றுத் தாழ வளைத்துவிட்டால், மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டி விழும்; உள்ளே புகாது.

அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும் முறைக்கு 2003-ஆம் ஆண்டில் தர நிர்ணயம் ஏற்பட்டது, 15.4 வாட் வரை அதில் அனுப்பலாம். இதனால் கொட்டகையில் தனி மின்னிணைப்பு வேண்டியதில்லை. வீட்டில் யு.பி.எஸ். இருந்தால் மின்தடையிலும் தொடர்பு நிற்காது. அனுப்பும் பெட்டியும் பெறும் சாதனமும் ஒரே முறையைச் சேர்ந்தனவா என்று வாங்கும்போதே பார்த்துக் கொள்க. மாறினால் சாதனம் பழுதாகக்கூடும்.

தகரச் சுவருடைய கொட்டகையாயின் சாதனம் உள்ளேயே இருத்தல் வேண்டும். பஞ்சுத் தூசி படியும் இடமாகையால் ஐ.பி. 65 என்ற குறியுடையதை வாங்குங்கள். 6 என்பது தூசி புகாமையையும், 5 என்பது பீறிட்டடிக்கும் நீரைத் தாங்குதலையும் குறிக்கும். பாதுகாப்பு என்று கருதி இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தல் கூடாது. அலையும் உடன் பூட்டப்பட்டுவிடும்.

கிணற்றடி 100 மீட்டருக்கு அப்பாலானால் இருவழிகள் உண்டு. ஒன்று கண்ணாடி இழைக் கேபிள். மற்றொன்று, ஒன்றையொன்று நோக்கி நிறுத்தும் இரட்டை ஆண்டெனாக்கள். பின்னதற்கு இடைவெளி திறந்திருத்தல் வேண்டும். காற்றில் ஆடும் தென்னோலை குறுக்கிட்டாலும் தொடர்பு தடுமாறும். இரண்டிலும் கிணற்றடிச் சாதனத்துக்கு அங்கேயே மின்சாரம் வேண்டும்.

உயிரினும் பெரிதன்று

சித்திரை வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி மின்னலும் நாம் அறிந்தவையே. இரு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கேபிள் அருகில் விழும் மின்னலின் வேகத்தை வீட்டுக்குள் கொணரக்கூடும். இரு முனைகளிலும் மின்னல் தடுப்பானும் முறையான எர்த்தும் அவசியம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே விலை சற்று மிகுந்தாலும் தனிக் கட்டடங்களுக்கு அதுவே உத்தமம். இடி முழங்கத் தொடங்குமுன்பே பெட்டிகளின் இணைப்பைக் கழற்றி விடுங்கள். மின்வாரியக் கம்பத்தில் ஒருபோதும் கேபிளைக் கட்டவேண்டாம். மின்கம்பிக்கு அருகில் ஆண்டெனாக் குழாயை நிமிர்த்தவும் வேண்டாம். சில ரூபாய்ச் சிக்கனம் உயிருக்கு ஈடாகாது.

வெளியே பரவும் அலை வேலியோடு நிற்பதில்லை. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றி, டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் பூட்டைத் தெரிந்தெடுங்கள். பழைய டபிள்யூ.இ.பி. எளிதில் உடைபடும். கூலிக்கு வருவோருக்கும் விருந்தினருக்கும் தனிப் பெயரில் வழி அமைத்தால், வங்கிக் கணக்குப் பார்க்கும் நம் வழி தனித்திருக்கும்.

சங்கத்தின் கடமை

கேபிள் 305 மீட்டர் கொண்ட பெட்டியாகவே மொத்தத்தில் விற்கப்படுகிறது. தனியொருவருக்கு அவ்வளவு வேண்டாம். நால்வர் ஐவர் கூடினால் வீணின்றிப் பங்கிடலாம். முனை பூட்டும் கருவியும் சோதனைக் கருவியும் சங்கத்துக்கு ஒவ்வொன்று இருந்தால் போதும். ஓர் இளைஞரைப் பயிற்றுவித்தால் ஊருக்கே பணி நடக்கும்.

2020-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை அங்கீகரித்த பி.எம்.-வானி திட்டத்தின்படி, சிறு கடையும் உரிமக் கட்டணமின்றிப் பொதுத் தரவு அலுவலகமாகி, வைஃபை சேவையை வழங்கலாம். வீட்டு இணைப்பைத் தம்மிஷ்டப்படி அண்டையாருக்கு விற்பதைக் காட்டிலும், இவ்வழியைச் சங்கங்கள் ஆராய்வது நேரிய முறையாகும்.

நாம் முதலில் குறிப்பிட்ட அங்கத்தினர் இப்போது நாற்பது மீட்டர் கேபிள் இழுத்துவிட்டார். ரிப்பீட்டர் அலமாரியில் உறங்குகிறது. கரை நிறம் மாறும் செய்தி இனி அவருடைய தறி மேடையிலேயே வந்து சேரும். மற்ற அங்கத்தினர்களும் பெட்டி வாங்கப் புறப்படுமுன் ஒரு முறை தம் புழைக்கடையை நடந்து அளந்து, அந்தக் கணக்கோடு சங்கத்துக்கு வருவார்களாக.