பெயருக்கு முன் நிற்கும் எழுத்து

திரைப்படப் பாடகர் டி. எம். சௌந்தரராஜன் அவர்களின் குரலைக் கேளாதவர் நம்முள் ஒருவரும் இரார். அவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இரண்டாவது எழுத்து, தந்தையார் மீனாட்சி ஐயங்காரின் பெயரைக் குறிப்பது. முதலெழுத்து ஊர்ப்பெயராக இருக்கலாம் என்பீர்கள். அவ்வாறு எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால், 1922-ஆம் ஆண்டில் அவர் பிறந்த ஊர் மதுரை. அவ்வூர்ப் பெயரில் அந்த எழுத்துக்கு இடமில்லை. அது 'தொகுளுவா' என்னும் குடும்பப் பெயரின் முதலெழுத்து. ஆங்கில எழுத்தில் புகுந்து வெளிவந்ததால் 'தொ' என்பது 'டி' ஆயிற்று.

இத்தகைய பெயரை வீட்டுப் பெயர் என்பர். சௌந்தரராஜன் அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை, சேலம், கும்பகோணம், பரமக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் சௌராஷ்டிரர் மிகுதியாக வாழ்கின்றனர். எங்கள் காஞ்சிபுரத்திலும் உளர். எங்கள் ஊர்த் தறிகளின் ஓசை ஒன்றேயாயினும், தறியில் அமர்ந்தோர் வீட்டில் பேசும் மொழி ஒன்றன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எனப் பல மொழியினரும் நெசவாளராய் இங்கே வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் சௌராஷ்டிரரைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் 'பட்டுநூல்காரர்' என்று அழைத்து வந்தனர். ஆகவே ஒரே மக்களுக்கு ஊரால் ஒரு பெயரும், தொழிலால் ஒரு பெயரும் அமைந்தன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஜெர்மனியை நோக்குவோம். அங்கே முற்காலத்தில் ஒருவருக்கு ஒரு பெயரே இருந்தது. 12-ஆம் நூற்றாண்டு முதல் நகரங்கள் பெருகின. ஒரே நகரில் ஒரே பெயருடையோர் பலராயினர். வரி தண்டுவோர் எந்த யோஹானிடம் வரி கேட்பது? நெசவு செய்யும் யோஹான், மாவரைக்கும் யோஹான், கொல்லுலை யோஹான் என்று பிரித்துக் கூறலாயினர். இவ்வாறு 'வெபர்', 'முல்லர்', 'ஷ்மிட்' என்னும் குடும்பப் பெயர்கள் பிறந்தன. பவேரியா நாட்டிலிருந்து வந்தவன் 'பையர்' ஆனான். பேதுருவின் மகன் 'பீட்டர்ஸ்' ஆனான். தொழில், ஊர், தந்தை ஆகிய மூன்றுமே பெயர் தரும் ஊற்றுகள் என்பது இதனால் விளங்கும்.

'வெபர்' என்றால் நெசவாளர் என்று பொருள். பெர்லின் நகரில் வடமொழிப் பேராசிரியராக விளங்கிய ஆல்பிரெக்ட் வெபர் (1825–1901) தறியில் அமர்ந்தவர் அல்லர். ஆனால் முன்னோர் தொழிலைக் காட்டும் பெயர் அவரிடம் தங்கியிருந்தது. தொழில் போன பின்னும் பெயர் போகவில்லை. ஊர் விட்டு ஊர் போனால் பெயர் என்னவாகும்? 1683-ஆம் ஆண்டில் கிரேபெல்டு என்னும் நெசவு நகரிலிருந்து 13 குடும்பத்தினர் 'கன்கார்டு' என்ற கப்பலில் ஏறி அமெரிக்காவில் இறங்கினர். பிலடெல்பியாவை அடுத்து 'ஜெர்மன் டவுன்' என்னும் ஊரைத் தோற்றுவித்தனர். அவர்களுள் பலர் சணல்நார்த் துணி நெய்பவர். அவர்களைத் தொடர்ந்து ஜெர்மானியர் பலர் அமெரிக்கா சென்றனர். ஆங்கிலம் வழங்கும் அந்நாட்டில் வெபர் குடும்பங்கள் சில, காலப்போக்கில் 'வீவர்' என எழுதிக்கொண்டன. மொழி மாறிற்று, பொருள் மாறவில்லை.

இனி நம் பட்டுநூல்காரரிடம் திரும்புவோம். மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்றோர் ஊர் உளது. அதன் பழம்பெயர் தசபுரம். அங்கே கிடைத்த வடமொழிக் கல்வெட்டொன்று, வத்ஸபட்டி என்னும் புலவரால் செய்யுளாக இயற்றப்பெற்றது. லாட நாட்டிலிருந்து பட்டு நெசவாளர் குழு ஒன்று தசபுரத்தில் குடியேறியது என்றும், அக்குழுவினர் பொருள் ஈட்டிக் கதிரவனுக்குக் கோயில் எடுத்தனர் என்றும் அது கூறுகிறது. கோயில் எடுத்த ஆண்டு மாளவ ஆண்டு 493; அதாவது, ஏறத்தாழ கி.பி. 436. பின்னர், பழுதுற்ற அக்கோயிலை அக்குழுவினரே கி.பி. 473-ஐ ஒட்டிச் செப்பனிட்டனர். வந்தவருள் சிலர் நெசவிலேயே நின்றனர். சிலர் வில்வித்தையும் சிலர் சோதிடமும் பயின்றனர் என்றும் அக்கல்வெட்டால் அறிகிறோம்.

இவர்களே நம் சௌராஷ்டிரரின் முன்னோர் என்பார் உளர். மாணவர்கள் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அக்கல்வெட்டில் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சௌராஷ்டிர நாட்டினின்றும் புறப்பட்டுத் தேவகிரி, விசயநகரம் வழியாக மதுரைக்கு வந்தோம் என்பது அம்மக்கள் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. கல்வெட்டு கூறுவது ஒன்று. பாட்டி கூறுவது ஒன்று. இரண்டையும் மதிக்க வேண்டும். ஆயினும் ஒன்றோடொன்றைக் குழப்பலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது சான்றாக நிற்பது மொழி. சௌராஷ்டிரர் நீரைப் 'பானி' என்பர். குஜராத்தியிலும் மராத்தியிலும் அது 'பாணி'. அம்மொழியின் வேர் வடமேற்கில் உள்ளது. ஆனால், அதில் தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்களும் மிகுதியாகக் கலந்துள்ளன. நடந்து வந்த வழியெல்லாம் நாவில் ஒட்டிக்கொண்டது போலும்! மற்றொன்றையும் கருதுக. லாடம் என்பது இன்றைய தென் குஜராத். பரூச், சூரத் நகரங்கள் உள்ள பகுதி. எங்கள் காஞ்சிப் பட்டுக்குச் சரிகை இன்றும் சூரத்திலிருந்து வருகிறது.

இவ்வளவையும் நான் என் ஆசிரியப் பணியின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தேன் அல்லேன். அறியாமையால் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் முறையன்று.

பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதும் வேலை என்னிடம் இருந்தது. நெசவாளர் ஒருவர் தம் மகனை அழைத்து வந்து, பெயருக்கு முன் இரண்டு எழுத்துகள் எழுதச் சொன்னார். முதலில் எழுதினேன், பிறகு, "தந்தையின் எழுத்து ஒன்றே போதும்" என்று கூறி, முதலெழுத்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாத்தியார் சொன்னால் சரியாயிருக்கும் என்றெண்ணி அடங்கிப் போனார்.

நான் ஓய்வுபெறச் சில திங்கள் இருக்கையில் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். அன்று சேர்ந்த அப்பையனின் மகன். தந்தையும் பாட்டனும் காலமாகிவிட்டனர். குடும்பம் தறியை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. தாயார் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; கணவரின் வீட்டுப் பெயரை அவர் அறியார். சேலத்தில் உறவினர் உண்டென்று கேள்விப்பட்டு அவன் தேடிச் சென்றிருக்கிறான். அங்கே பெரியவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த வீட்டார், தம்பி?" என்பதே. அவனுக்கு விடை தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினான்.

பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். சிவப்புக் கோட்டின் கீழ் அந்த ஓரெழுத்து மங்கலாய்த் தெரிந்தது. கோடு கிழித்த கை என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். அவன் சினக்கவில்லை, "எழுத்தாவது கிடைத்ததே ஐயா" என்றான். அவ்வெழுத்தையும் பாட்டனார் பெயரையும் கொண்டு மீண்டும் சேலம் சென்றான். ஒரு மூதாட்டி அடையாளம் கண்டு, வீட்டுப் பெயரைச் சொல்லித் தம் வீட்டில் உணவிட்டாராம். இதை அவன் கடிதத்தில் எழுதியிருந்தான். அந்த இரவுதான் எனக்கு நல்ல உறக்கம் வந்தது.

குலப்பெருமை பேசுவதற்காக இதைக் கூறுகிறேன் என்று எவரும் கருதவேண்டா. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள செங்கற்பட்டில் 1929-இல் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, பெயரின் பின்னே சாதியை ஒட்டும் வழக்கத்தை விடுமாறு தீர்மானித்தது. தமிழ்நாடும் அவ்வழியே சென்றது. அது நன்றே. வீட்டுப் பெயரோ உயர்வு தாழ்வு உரைப்பதற்கன்று. நம்மவர் எங்கிருந்து வந்தனர், என்ன தொழில் செய்தனர், எவரோடு உறவாடினர் என்பதற்கு அது ஒரு குறிப்பு. குறிப்பைக் காப்பது வேறு. கொடியாக உயர்த்துவது வேறு.

ஆதலின், மாணவ நண்பர்களே, இன்றிரவு உணவுண்டபின் பாட்டனார் அருகிலோ பாட்டியார் அருகிலோ அமருங்கள். நம் வீட்டுக்கு என்ன பெயர், நம்மவர் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்று கேளுங்கள். அவர்கள் கூறுவதை, கூறியவர் பெயருடனும் நாளுடனும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மெய்யா அன்றா என்று பின்னர் ஆராயலாம். ஆராய்வதற்கு முதலில் அது இருக்க வேண்டும் அல்லவா?