மரப்பாச்சிக்குப் பாவாடை உண்டு, அவதாருக்கு?

சென்ற நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வாங்கப் போனபோது அண்ணன் மகளும் என்னோடு வந்தாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் தசாவதார செட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு ஜோடி மரப்பாச்சியைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தையல் பெட்டியிலிருந்து பச்சைப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதைக் கொசுவி, ராணி மரப்பாச்சிக்குப் பாவாடை கட்டிவிட்டாள்.

அன்று இரவு டேப்லெட்டில் அவளுடைய விளையாட்டைத் திறந்தாள். அதற்குள் ஓடியாடும் அவளுடைய உருவத்துக்கும் பாவாடை கட்ட ஆசை. ஜீன்ஸ் இருந்தது, விண்வெளி உடை இருந்தது, டிராகன் இறக்கைகூட இருந்தது.

“பாவாடை மட்டும் ஏன் சித்தப்பா இல்ல?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதிலைத் தேடிப் போனால் அவதார் செய்யும் கலை முழுவதும் தெரிந்துவிடும்.

அவதாரம் என்றால் இறங்கி வருதல். திருமால் மீனாக, ஆமையாக இறங்கி வந்ததைத்தான் மாட வீதியில் பத்து பொம்மைகளாக விற்கிறார்கள். 1986இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் ‘ஹாபிடாட்’ என்ற கணினி உலகத்தை உருவாக்கியது. தொலைபேசிக் கம்பி வழியாகப் பலர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழையலாம். நாம் இங்கே உட்கார்ந்தபடி இன்னொரு உருவத்தில் அங்கே இறங்குகிறோம் அல்லவா? அதனால் அந்த உருவத்துக்கு அவதார் என்று பெயர் வைத்தார்கள். அங்கே தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளவும் முடிந்தது!

கொலு பொம்மை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் அச்சில் உருவம், பிறகு வண்ணம். அவதாரும் அப்படித்தான். அதன் உருவம் முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. சதுரம் ஏன் கூடாது? வீட்டில் முக்காலி இருந்தால் மேடுபள்ளமான தரையில் வைத்துப் பாருங்கள், ஆடாது. நாற்காலியை வைத்தால் ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும். நான்காவது புள்ளி தூக்கிக்கொள்ளலாம். கணினிக்கு அந்தக் குழப்பம் ஆகாது. திரையில் மூக்கைப் பெரிதாக்கும் பட்டையை நீங்கள் இழுக்கும்போது, மூக்கின் முக்கோண முனைகள்தான் நகர்கின்றன. பட்டை நடுவில் நின்றால், சின்ன மூக்குக்கும் பெரிய மூக்குக்கும் சரிபாதியில் அந்த முனைகள் நிற்கும்.

அடுத்தது வண்ணம். ஒரு ஸ்வீட் பெட்டியின் ஓரங்களைப் பிரித்துத் தரையில் விரியுங்கள். மேல், கீழ், நாலு பக்கம் எல்லாம் தட்டையாகக் கிடக்கும். அதில் படம் வரைந்து திரும்ப மடித்தால் வண்ணப் பெட்டி தயார். மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் உருவத்தின் தோலும் இப்படி விரித்த தாள்தான். அகலத்தில் 64 கட்டம், உயரத்தில் 64 கட்டம். முகத்துக்குக் கிடைப்பது எட்டுக்கு எட்டு, வெறும் 64 கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 0 முதல் 255 வரை அளந்து ஊற்றலாம். எல்லாச் சேர்மானமும் சேர்ந்தால் 1,67,77,216 நிறங்கள். நம் தோலின் நிறம் கட்டாயம் அதில் இருக்கிறது. விளையாட்டின் நிறப் பட்டியலில் காணோம் என்றால், அது பட்டியல் போட்டவர் விட்ட குறை.

இப்போது மரப்பாச்சியைப் பாருங்கள். ஒரே கட்டையில் செதுக்கியது, கை கால் அசையாது. பொம்மலாட்டப் பொம்மைக்கோ மூட்டு உண்டு, கயிறு உண்டு. அவதாருக்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூடு ஒன்றை வைக்கிறார்கள். ராப்லாக்ஸ் விளையாட்டின் உருவத்துக்கு முதலில் 6 துண்டுகள்தான். தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால். முழங்காலே மடங்காது! பிறகு வந்த உருவத்துக்கு 15 துண்டுகள். முழங்கையும் மணிக்கட்டும் மடங்கின. 2014இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் நடிகர்களின் உடலில் குறிகள் ஒட்டி, அவர்கள் அசைவதைக் கேமராக்களால் பதிவு செய்து, அந்த அசைவைக் கணினி எலும்புக்கூட்டுக்குக் கொடுத்தார்கள்.

பாவாடைக்கு வருவோம். ஜீன்ஸ் சுலபம், காலின் மேலேயே நீல வண்ணம் பூசிவிடலாம். பாவாடையை அப்படிப் பூசினால், நிற்கும்போது பாவாடை மாதிரித் தெரியும். ஓர் அடி எடுத்து வைத்ததும் இரண்டாகப் பிளந்து பேன்ட் ஆகிவிடும், ஏனென்றால் அங்கே இருப்பவை தனித்தனிக் கால்கள். பாவாடை இரண்டு காலையும் சுற்றி, இரண்டிலும் ஒட்டாமல் தொங்குவது. அதற்குத் தனி முக்கோணங்கள் வேண்டும், தனி எலும்புகள் வேண்டும். ஓடும்போது முழங்கால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமல் கணக்குப் போட வேண்டும். கொசுவம் வைத்த புடவையும், பின்னலில் ஆடும் மல்லிகைச் சரமும் இன்னும் கடினம். கடினம்தான், முடியாதது அல்ல. பாவாடையைப் பார்த்து வளர்ந்தவர்கள் செய்ய உட்கார்ந்தால் வந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். 2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு உயரமான அவதார், சிலருக்குக் குள்ளமான அவதார் கொடுத்துப் பணத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் தமக்கு அதிகப் பங்கு கேட்டார்கள். குள்ள உருவம் கிடைத்தவர்கள் குறைந்த பங்குக்கும் சரி என்றார்கள். போட்டுக்கொள்ளும் உருவம் நம் மனசையும் கொஞ்சம் மாற்றுகிறது!

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மணமக்கள் இருவர் மெட்டாவர்ஸ் என்னும் கணினி உலகத்தில் திருமண வரவேற்பு நடத்தினார்கள். மணப்பெண்ணின் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அவருக்கும் ஓர் அவதார் செய்து, ஆசீர்வதிக்க நிறுத்தியிருந்தார்கள். முக்கோணமும் வண்ணமும்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது அப்பாவின் முகம். அதனால்தான் உருவத்தில் கவனம் வேண்டும் என்கிறேன்.

என் அண்ணன் மகள் இப்போது ‘பிளெண்டர்’ என்ற இலவச மென்பொருளில் பாவாடை வரையப் பழகுகிறாள். நீங்கள் கணினி இல்லாமலே தொடங்கலாம். கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, அதற்குள் உங்கள் முகத்தை உங்கள் நிறத்திலேயே வரையுங்கள். கண்ணுக்கு இரண்டு கட்டமா, நான்கா என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.